ஓடுற பிளாண்ட்டில் டிரைவுக்குள் ப்ரொஃபிபஸ் கார்டு: எவ்வளவு ஷட்டவுன் கேட்கணும்?

குடிகாடு_இன்ஸ்ட்ரு

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் சிப்காட்ல ஒரு கெமிக்கல் யூனிட்ல இன்ஸ்ட்ருமென்ட் பக்கம் பார்க்கிறேன். கூலிங் வாட்டர் பம்ப் ரெண்டு இருக்கு, தலா 37 கிலோவாட். ரெண்டுக்கும் ஏபிபி ஏசிஎஸ்880 டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சாதனம்). இப்போதைக்கு எல்லாமே ஒயர்தான்: ஸ்டார்ட், ஸ்டாப் டிஜிட்டல் இன்புட்ல, ஸ்பீடு 4-20 மில்லிஆம்ப்ல, ரன்னிங், ஃபால்ட் ரெண்டும் ரிலேல. கன்ட்ரோல் ரூம்லயே ஆம்பியர் தெரியணும், ஃபால்ட் கோடு தெரியணும்னு புரொடக்‌ஷன்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க.

அதனால ரெண்டு டிரைவுக்கும் எஃப்பிபிஏ-01 ப்ரொஃபிபஸ் கார்டு (ஒரே கேபிள்ல பிஎல்சியோட பேசுற நெட்வொர்க்குக்கானது) வாங்கியாச்சு. பிஎல்சி (பிளாண்ட்டை ஓட்டுற கன்ட்ரோலர்) சீமென்ஸ் எஸ்7-300, சிபியு 315-2 டிபி. ஏற்கெனவே ஒரு ப்ரொஃபிபஸ் லைன் 1.5 எம்பிபிஎஸ்ல ஓடுது, எம்சிசி ரூம்ல (மோட்டார் பேனல் ரூம்) இருக்கிற ஈடி200எம்-ல (பிஎல்சியோட தூர இன்புட்-அவுட்புட் ஸ்டேஷன்) முடியுது. அங்கிருந்து ரெண்டு டிரைவுக்கும் இழுக்கிறதா பிளான்.

ஒரு பம்ப் ஓடிக்கிட்டிருக்கும்போதே இன்னொண்ணுல கார்டு போட்டுடலாம், ஷட்டவுனே வேண்டாம்னு மேலே சொல்றாங்க. எனக்கு அது சரியாப் படல. இந்த வேலையைச் செஞ்சவங்க சொல்லுங்க.

மேட்டுப்பாளையம் பேனல்

கார்டு சொருகுறது டீ ஆறுறதுக்குள்ள முடியுற வேலை தலைவா. டிரைவை ஆஃப் பண்ணு, முன் கவரைக் கழட்டு, கன்ட்ரோல் யூனிட்ல காலியா இருக்கிற ஸ்லாட்ல வச்சு நேரா அழுத்து, லாக்கைத் தள்ளு, ஸ்க்ரூவை முடுக்கு. அவ்ளோதான்.

அந்த ஸ்க்ரூ விஷயம் மட்டும் கவனம். கார்டு சும்மா நிக்குதேன்னு நிறைய பேர் ஸ்க்ரூவை விட்டுடுவாங்க. கார்டோட கிரவுண்டு டிரைவ் பாடியோட சேர்றதே அந்த ஸ்க்ரூ வழியாத்தான். முடுக்காம விட்டா பெஞ்சுல வச்சு டெஸ்ட் பண்ணும்போது நல்லா ஓடும். மோட்டாரை லோடுல ஓட்டினதும் விட்டு விட்டு கம்யூனிகேஷன் போகும். அப்புறம் கேபிளைக் குறை சொல்லிக்கிட்டுத் திரியணும்.

கார்டு வரிசையும் பார்த்துக்கோங்க. ஏசிஎஸ்550-க்கு ஆர் வரிசை, அதாவது ஆர்பிபிஏ-01. 880-க்கும் 580-க்கும் எஃப் வரிசை. ரெண்டும் ப்ரொஃபிபஸ்தான், ஆனா ஒண்ணு இன்னொண்ணுல உட்காராது. நீங்க வாங்கினது சரி.

பழைய டிரைவ்

தம்பி சொன்னதில் "ஆஃப் பண்ணு" என்ற ரெண்டு வார்த்தையை நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நெய்வேலியில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இடத்தில்தான் ஆட்கள் அடிபடுவார்கள்.

415 வோல்ட் சப்ளையை ரெக்டிஃபை செய்தால் டிசி பஸ்ஸில் ஏறக்குறைய 585 வோல்ட் நிற்கும். ஐசோலேட்டரைத் திறந்தவுடன் டிஸ்பிளே அணைந்துவிடும், கெப்பாசிட்டர் அணையாது. ஏபிபி மேனுவல் 5 நிமிடம் காத்திருக்கச் சொல்கிறது. காத்திருந்த பிறகும் நம்பக் கூடாது. டிசி பஸ்ஸின் யுடிசி பிளஸ், யுடிசி மைனஸ் முனைகளில் மீட்டர் வைத்துப் பாருங்கள். மூன்று பேஸிலும் எர்த்துக்கு வைத்துப் பாருங்கள். மீட்டரை முதலில் உயிரோடு இருக்கும் வேறு ஒரு இடத்தில் வைத்துச் சரிபார்த்துவிட்டு வாருங்கள், அளந்த பிறகும் ஒருமுறை அங்கே வைத்துப் பாருங்கள். 1000 வோல்ட் கேட்டகரி மீட்டராக இருக்கட்டும். நியான் டெஸ்டர் டிசிக்கு ஆகாது.

அடுத்தது பலர் மறப்பது. ரன்னிங், ஃபால்ட் ரிலேயில் வருகிறது என்றீர்கள். அந்த ரிலேக்கு 230 வோல்ட் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வேறு பேனலிலிருந்து. டிரைவின் ஐசோலேட்டரை நீங்கள் பூட்டி டேக் மாட்டியிருக்கலாம். கார்டு ஸ்லாட்டுக்குப் பக்கத்திலேயே அந்த டெர்மினலில் 230 வோல்ட் நிற்கும். அதையும் அதன் ஃபியூஸில் எடுத்துவிட்டுக் கையை வையுங்கள்.

உப்புக்காத்து

கடலூர் ஓ.டி. (பழைய டவுன்) பக்கம் ஐஸ் பிளாண்ட், மீன் பதப்படுத்துற யூனிட்டுன்னு மெயின்டெனன்ஸ் பாக்குறேன். கார்டை எங்க வச்சிருக்கீங்க? ஏசி ஸ்டோர்லயா? அப்போ நேரா கொண்டாந்து பிரிக்காதீங்க. எம்சிசி ரூம் புழுக்கத்துல ஜில்லுனு இருக்கிற போர்டு வேர்த்துடும், கண்ணுக்கே தெரியாது. பாக்கெட்டைப் பிரிக்காம டிரைவ் பக்கத்துல வச்சு வெளிச்சூட்டுக்கு வந்தப்புறம் எடுங்க.

சிப்காட்னா இன்னொண்ணு. உங்க பக்கம் காத்துல உப்பு மட்டும் இல்ல, கந்தக வாடையும் சேர்ந்தே வரும். எம்சிசி-ல செம்பு பஸ்பார் கறுத்துப்போயிருக்கான்னு பாருங்க. கறுத்திருந்தா ஹைட்ரஜன் சல்பைடு உள்ள வந்துக்கிட்டிருக்கு. போர்டுக்கு வார்னிஷ் மாதிரி கோட்டிங் இருக்கும், கனெக்டர் பின்னுக்குக் கோட்டிங் அடிக்க முடியாதே. டிரைவ்ல காலி ஸ்லாட்டு கனெக்டர் வருஷக்கணக்கா திறந்தே கெடந்திருக்கும். கார்டை வைக்கிறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்க. பச்சையோ கறுப்போ தெரிஞ்சா கான்டாக்ட் கிளீனர் போட்டுக் காயவிட்டு அப்புறம் போடுங்க. உப்புத்தாள் வச்சுத் தேய்க்கிறவங்களைப் பார்த்திருக்கேன், முலாம் போயிடும், அந்தப் பாவத்தைச் செய்யாதீங்க.

சிக்கனம்

ஏன் சார் கார்டுக்குக் காசு? 880-ல எக்ஸ்டி2டி கனெக்டர்லயே மோட்பஸ் ஆர்டியு (இன்னொரு வகை நெட்வொர்க்) இருக்கு. பாராமீட்டர் குரூப் 58-ல போய் எனேபிள் பண்ணினாப் போதும். ரெண்டு ஒயர், ஒரு ஷீல்டு, வேலை முடிஞ்சது.

நிரலி

சிக்கனம் சொல்றது டிரைவ் பக்கம் உண்மை. ஆனா அவர்கிட்ட இருக்கிறது 315-2 டிபி. அதுல மோட்பஸ் ஆர்டியு பேச சிபி341 மாதிரி ஒரு மாட்யூல் வாங்கணும், மோட்பஸ் மாஸ்டருக்குத் தனி லைசென்ஸும் வேணும். கார்டுல மிச்சம் பிடிச்சதை அங்க கொட்டணும். ஸ்காடாவுக்கு (கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டருக்கு) நேரா ரீடிங் மட்டும் போதும்னா மோட்பஸ் நல்ல வழி. பிஎல்சி வழியா ஓட்டணும்னா கார்டுதான்.

இனி கேள்விக்கு வர்றேன். புதுச்சேரியில உட்கார்ந்து பிஎல்சி புரோகிராம் எழுதுறவ நான். உங்க மேலிடம் சொன்னது பாதி சரி. கார்டு போட ஒரு பம்பை நிறுத்தினாப் போதும். ஆனா எஸ்7-300-ல புது டிபி ஸ்லேவை, அதாவது ப்ரொஃபிபஸ் லைன்ல ஒரு புது சாதனத்தை, சேர்க்கணும்னா ஹார்டுவேர் கான்ஃபிக் டவுன்லோட் பண்ணணும், அதுக்கு சிபியு ஸ்டாப்புக்குப் போயே ஆகணும். ஸ்டாப்புக்குப் போனா அந்த பிஎல்சியில இருக்கிற அத்தனை அவுட்புட்டும் விழும், பம்ப் மட்டும் இல்ல. ஓடுற பிளாண்ட்ல அதைச் செய்ய முடியாது.

இதுக்கு ஒரு வழி உண்டு. அடுத்து எப்ப ஷட்டவுன் வருதோ, அப்ப கார்டு இல்லாமலேயே ரெண்டு ஸ்லேவையும் கான்ஃபிக்ல சேர்த்து டவுன்லோட் பண்ணிடுங்க. ஆள் இல்லாத ஸ்லேவைத் தேடிக்கிட்டு சிபியுல பஸ் ஃபால்ட் விளக்கு சிமிட்டும், சிமிட்டட்டும். ஆனா ஓபி86, ஓபி82, ஓபி122 (பிழை வந்தா சிபியு கூப்பிடுற புரோகிராம் பிளாக்குங்க) மூணும் காலியாவாவது சிபியுல இருக்கணும். ஸ்டேஷன் காணாமப் போகும்போது ஓபி86 இல்லேன்னா எஸ்7-300 நேரா ஸ்டாப்புக்குப் போயிடும். யோசிச்சுப் பாருங்க: நாளைக்கு எலக்ட்ரீஷியன் ஒரு பம்ப் ஐசோலேட்டரைத் திறக்கிறார், டிரைவ் அணையுது, கார்டும் அணையுது, ஸ்டேஷன் போச்சு, பிளாண்டே நிக்குது. இதுக்கு முன்னாடி ஒயர்ல இருந்தப்போ இந்த ஆபத்தே கிடையாது.

குடிகாடு_இன்ஸ்ட்ரு

நிரலி மேடம், ரொம்ப நன்றி. ஓபி82 இருக்கு, ஓபி86 இல்ல. இப்பவே பார்த்தேன். ஈடி200எம் ஒருநாள் பவர் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா வேர்க்குது.

அடுத்த மாசம் பாய்லர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஷட்டவுன் இருக்கு, அதுல கான்ஃபிக்கை முடிச்சுடலாம். இன்னும் ரெண்டு விஷயம். இப்ப இருக்கிற லைன் நீளம் டிராயிங் படி 170 மீட்டர். எம்சிசி-ல இருந்து ரெண்டு டிரைவுக்கும் சேர்த்து இன்னும் 60 மீட்டர் வரும். ரெண்டாவது, லைன் அறுந்தா பம்ப் என்ன செய்யணும்? டீஃபால்ட்ல என்ன இருக்குன்னு விட்டுடலாமா?

மேட்டுப்பாளையம் பேனல்

1.5 எம்பிபிஎஸ்னா ஒரு செக்மென்ட்டுக்கு 200 மீட்டர்தான். 170-ம் 60-ம் சேர்ந்தா தாண்டுது. ஒண்ணு ரிப்பீட்டர் போடுங்க, இல்லேன்னா வேகத்தை 500 கேபிபிஎஸ்-க்கு இறக்குங்க, அப்ப 400 மீட்டர் வரைக்கும் போகலாம். ஒரு ஈடி200-ம் ரெண்டு டிரைவும் இருக்கிற லைனுக்கு 500 தாராளம். மாஸ்டர்ல மாத்தினாப் போதும், ஸ்லேவுங்க தானாப் பிடிச்சுக்கும். எதுக்கும் 12 எம்பிபிஎஸ்ல போட்டுப் பெருமைப்படுறவங்க உண்டு, அங்க 100 மீட்டர்தான் கிடைக்கும்.

கேபிள் போற பாதை: மோட்டார் கேபிளோட ஒரே ட்ரேயில படுக்க வைக்காதீங்க. மோட்டார் கேபிளுக்கும் இதுக்கும் அரை மீட்டர் இடைவெளி, சப்ளை கேபிளுக்கு 200 மில்லிமீட்டர். குறுக்கே போகணும்னா செங்கோணத்துல தாண்டுங்க. ஷீல்டை முறுக்கி ஒரு லக்குல விடாம, சுத்தி முழுசாப் பிடிக்கிற கிளாம்ப்ல ரெண்டு முனையும் எர்த் பண்ணுங்க. பச்சை ஒயர் ஏ, சிவப்பு ஒயர் பி. எல்லாக் கனெக்டர்லயும் ஒரே மாதிரி.

நிரலி

இதையும் ஷட்டவுன் லிஸ்ட்ல எழுதிக்கோங்க: இப்ப லைன் முடியுறது ஈடி200எம்-ல, அதனால அங்க டெர்மினேட்டர் (லைன் முனையில சிக்னல் திரும்பி வராமத் தடுக்கிற ரெசிஸ்டர்) சுவிட்ச் ஆன்ல இருக்கும். நீட்டும்போது அதை ஆஃப் பண்ணி, புதுக் கடைசி டிரைவ்ல ஆன் பண்ணணும். ஓடிக்கிட்டிருக்கும்போது அந்தக் கனெக்டரைத் தொட்டா ஈடி200எம் விழும்.

கடைசி ஆளா டிரைவ் இருக்கிறதுல ஒரு வம்பு இருக்கு. டெர்மினேட்டருக்கு 5 வோல்ட் அந்தக் கார்டுல இருந்துதான் வருது. அந்த டிரைவை ஆஃப் பண்ணினா டெர்மினேட்டர் செத்துப்போய், மொத்த லைனும் தள்ளாட ஆரம்பிக்கும். தனியா ஒரு ஆக்டிவ் டெர்மினேட்டர் வாங்கிக் கடைசியில போடுங்க. இல்லேன்னா 880-ல எக்ஸ்பவ் முனையில வெளி 24 வோல்ட் கொடுங்க. அப்ப மெயின் சப்ளை போனாலும் கன்ட்ரோல் யூனிட்டும் கார்டும் உயிரோட இருக்கும், ஸ்டேஷனும் காணாமப் போகாது.

பழைய டிரைவ்

லைன் அறுந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு என் பதில்: டிரிப். டிரைவில் 50.02 பாராமீட்டரை ஃபால்ட் என்று வையுங்கள். கட்டுப்பாடு இல்லாத மோட்டார் நிற்க வேண்டும். இதை நான் வேலை பார்த்த காலம் முழுக்கக் கடைப்பிடித்திருக்கிறேன்.

குடிகாடு_இன்ஸ்ட்ரு

ஐயா, உங்க அனுபவத்துக்கு மரியாதை. ஆனா இது கூலிங் வாட்டர். ரியாக்டர் ஜாக்கெட்டுக்குப் போகுது. வெப்பம் கக்குற ரியாக்‌ஷன் நடக்கும்போது தண்ணி நின்னா, பம்ப் ஓடுறதைவிட அதுதான் பெரிய ஆபத்து. கம்யூனிகேஷன் கேபிள் போன ஒரே காரணத்துக்காக ரெண்டு பம்பும் ஒண்ணா டிரிப் ஆனா அந்த ஷிப்ட்ல நான் இருக்க விரும்பல.

பழைய டிரைவ்

நான் பார்த்தது கன்வேயர். அங்கே ஆள் நடமாட்டம் உண்டு, நின்றால் யாரும் சாகமாட்டார்கள், ஓடினால் சாவார்கள். உங்கள் இடத்தில் தலைகீழ் என்றால் என் பதிலும் தலைகீழ்தான். ஆனால் அந்த முடிவை இன்ஸ்ட்ருமென்ட் ஆள் தனியாக எடுக்காதீர்கள். புராசஸ், சேஃப்டி இருவரும் எழுத்தில் கையெழுத்துப் போடட்டும்.

மேட்டுப்பாளையம் பேனல்

அப்போ லாஸ்ட் ஸ்பீடு வைங்க. கடைசியா ஓடின வேகத்துலயே ஓடும்.

நிரலி

லாஸ்ட் ஸ்பீடு ஆபத்து. ராத்திரி லோடு குறைஞ்சு பம்ப் மெதுவா ஓடும்போது லைன் அறுந்தா, அந்தக் குறைஞ்ச வேகத்துலயே மாட்டிக்கும். அப்புறம் ரியாக்டர் சூடேறும்போது தண்ணி பத்தாது. ஸ்பீடு ரெஃப் சேஃப் வைங்க, 22.41-ல புராசஸ் சொல்ற வேகத்தைக் கொடுங்க. லைன் போனா அந்த வேகத்துக்கு வந்து அதுலயே ஓடும், ஏ7சி1 வார்னிங் மட்டும் காட்டும். 50.03-ல டைம்-அவுட் டீஃபால்ட் 0.3 செகண்ட், இந்தப் பம்புக்கு அதைக் கூட்டலாம், அவசரம் ஒண்ணும் இல்ல.

ஆனா இதோட ஒரு கடமையும் சேர்ந்தே வருது. லைன் அறுந்த நேரத்துல பம்பை நிறுத்தணும்னா எப்படி நிறுத்துவீங்க? பஸ் வழியா முடியாது. அதனால ஒரு ஸ்டாப் ஒயர் நேரா டிரைவ்ல இருக்கணும், ரன் எனேபிள் 20.12-ல ஒரு டிஜிட்டல் இன்புட். எமர்ஜென்சி ஸ்டாப் எக்ஸ்எஸ்டிஓ (எஸ்டிஓ, அதாவது சேஃப் டார்க் ஆஃப்) முனையில தனி ஒயர்லயே தொடரட்டும். சாதாரண ப்ரொஃபிபஸ்ல எமர்ஜென்சி ஸ்டாப்பை ஏத்தக்கூடாது, இதுல பேரம் கிடையாது.

பழைய டிரைவ்

எஸ்டிஓ பற்றி ஒரு வரி சேர்க்கிறேன். அது முறுக்குவிசையை மட்டும் நிறுத்தும், மின்சாரத்தைப் பிரிக்காது. எஸ்டிஓ அழுத்திவிட்டு மோட்டார் டெர்மினல் பாக்ஸைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள்.

நிரலி

சரியாச் சொன்னீங்க ஐயா. இன்னொண்ணு, எல்லாரும் கேபிளைப் பிடுங்கி மட்டும் டெஸ்ட் பண்ணுவாங்க. சிபியு ஸ்டாப்புக்குப் போறது வேற விஷயம். அப்ப கேபிள் நல்லா இருக்கும், மாஸ்டரும் பேசிக்கிட்டே இருக்கும், ஆனா கிளியர் நிலைக்குப் போய் எல்லாத்தையும் சைபராக்கிடும். கன்ட்ரோல் வேர்டு (பிஎல்சி டிரைவுக்கு அனுப்புற கட்டளை எண்) சைபர்னா டிரைவுக்கு அது "நிறுத்து"ன்னு அர்த்தமாகலாம், லைன் அறுந்ததா எடுத்துக்காது. ரெண்டையும் தனித்தனியா டெஸ்ட் பண்ணுங்க.

டிப்ளமோ தம்பி

அக்கா, நான் வில்லியனூர், இப்பத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கேன். பாராமீட்டர் எல்லாம் எந்த வரிசையில போடணும்னு சொன்னா சேமிச்சு வச்சுக்குவேன்.

நிரலி

880-க்குச் சொல்றேன் தம்பி, வேற மாடலுக்கு நம்பர் மாறும். முதல்ல 50.01-ல ஃபீல்டுபஸ் அடாப்டர் ஏ-வை எனேபிள் பண்ணு. 51.01-ல கார்டோட பேர் தானா வந்திருக்கும். அங்க ஒண்ணும் இல்லேன்னு வந்தா கார்டு சரியா உட்காரல, மேல ஒண்ணும் நோண்டாம பவர் எடுத்துட்டு முதல்ல அதைப் பாரு. 51.02-ல நோட் அட்ரஸ். அப்புறம் ப்ரொஃபைல், ஏபிபி டிரைவ்ஸா ப்ரொஃபிடிரைவான்னு. குரூப் 52-ல டிரைவ்ல இருந்து பிஎல்சிக்குப் போறது, 53-ல பிஎல்சியில இருந்து டிரைவுக்கு வர்றது. இந்தப் பேர்ல பாதிப்பேர் குழம்புவாங்க, இன், அவுட் ரெண்டும் பிஎல்சி கண்ணுல இருந்து சொல்றது.

இதெல்லாம் முடிச்சதும் 51.27-ல ரெஃப்ரெஷ். இதைச் செய்யாம அட்ரஸ் மாறலையேன்னு உட்கார்ந்திருப்பாங்க, குரூப் 51-ல மாத்தினது ரெஃப்ரெஷ் பண்ணினாத்தான் கார்டுக்குப் போகும். கடைசியா 96.07-ல சேவ்.

20.01, 22.11 ரெண்டையும் ஃபீல்டுபஸ்சுக்கு மாத்துறது எல்லாத்துக்கும் கடைசி. முதல்ல ஒயர்லயே ஓடவிட்டு, பஸ்ல ஸ்டேட்டஸ் வேர்டு, ஆம்பியர் சரியா வருதான்னு சில நாள் பாருங்க. நம்பிக்கை வந்தப்புறம் கன்ட்ரோலை மாத்துங்க.

பிஎல்சி பக்கம்: ஜிஎஸ்டி ஃபைல்ல (GSD, கார்டை பிஎல்சிக்கு அறிமுகப்படுத்துற ஃபைல்) இருந்து எந்த பிபிஓ டைப் (டேட்டா அமைப்பு) எடுக்கிறோமோ அதுக்கேத்த அளவு 52, 53-ல இருக்கணும். ஸ்டேட்டஸ், ஸ்பீடு, ஆம்பியர், ஃபால்ட் கோடுன்னு நாலு வேர்டு வேணும்னா பிபிஓ4 போதும், 6 வேர்டு வரும். டேட்டா கன்சிஸ்டன்ட்டா (பழசும் புதுசும் கலக்காம) வரணும்னா எஸ்எஃப்சி14, எஸ்எஃப்சி15 (சிபியுலயே இருக்கிற ஃபங்ஷனுங்க) வழியாப் படிக்கணும், எழுதணும். ஸ்லேவ் இல்லேன்னாலும் அது பிழைக்கோடு கொடுத்துட்டுப் போயிடும்.

ஏபிபி ப்ரொஃபைல்ல ஸ்டார்ட்டுக்கு முதல்ல 1150, அப்புறம் 1151. நேரா 1151 அனுப்பினா ஓடாது. ஸ்பீடுக்கு 20000-ன்னா 46.01-ல இருக்கிற வேகம்.

உப்புக்காத்து

கீபேடுல லோக்கல் போட்டு வச்சுட்டு பிஎல்சி பேச்சைக் கேக்கலைனு ராத்திரி போன் பண்றவங்களுக்கு இதையும் சொல்லிடுங்க மேடம். லோக்கல்ல இருந்தா பஸ் கமாண்டு எதுவும் எடுக்காது.

குடிகாடு_இன்ஸ்ட்ரு

ஷட்டவுன் முடிஞ்சு வந்திருக்கேன். கான்ஃபிக் டவுன்லோட், மூணு ஓபி, 500 கேபிபிஎஸ், கேபிள் எல்லாம் முடிஞ்சது. லைன் வரிசை: பிஎல்சி, ஈடி200எம், பம்ப் ஏ, பம்ப் பி. கேபிள், கனெக்டர் வேலை வெளி கான்ட்ராக்டர் ஆளுங்க செஞ்சாங்க. அப்புறம் பிளாண்ட் ஓடும்போதே ஒவ்வொரு பம்பா நிறுத்தி ரெண்டு கார்டும் போட்டாச்சு. பழைய டிரைவ் ஐயா சொன்ன ரிலே 230 வோல்ட் ரெண்டு டிரைவ்லயும் இருந்தது, லைட்டிங் டிஸ்ட்ரிபியூஷன் போர்டுல இருந்து வருது.

பம்ப் ஏ உடனே ஆன்லைன் வந்துடுச்சு. பம்ப் பி வரவே இல்ல. 51.01-ல கார்டு பேர் தெரியுது, அட்ரஸ் சரி, ரெஃப்ரெஷ் பண்ணியாச்சு. கார்டுங்களை மாத்திப் போட்டுப் பார்த்தேன், பி-ல போட்ட எந்தக் கார்டும் வரல, ஏ-ல போட்ட ரெண்டும் வருது. பச்சை, சிவப்பு மாறல, பார்த்துட்டேன்.

மேட்டுப்பாளையம் பேனல்

கார்டு தப்பிச்சது, டிரைவும் தப்பிச்சது. இனி லைன்தான். அடுத்து பிளாண்ட் நிக்கிறப்போ எல்லாக் கனெக்டரையும் சாதனத்துல இருந்து பிடுங்கிட்டு, பி கனெக்டர்ல 3-ஆம் பின்னுக்கும் 8-ஆம் பின்னுக்கும் நடுவுல ஓம் பாருங்க. ரெண்டு பக்கமும் டெர்மினேட்டர் இருந்தா 110-க்குக் கொஞ்சம் மேல வரணும். 220 வந்தா அந்தக் கனெக்டரோட சொந்த டெர்மினேட்டர் மட்டும்தான் தெரியுது, மத்த பக்கம் துண்டிச்சுக் கிடக்கு.

நிறுத்த வழியில்லேன்னா பி கனெக்டரை மட்டும் எடுத்து, டெர்மினேட்டரை ஆஃப் பண்ணிட்டு அளந்து பாருங்க. அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லாத மாதிரி ஓப்பன் காட்டினா அதே முடிவுதான். பி இல்லாமலே லைன் ஓடிக்கிட்டிருக்கு, அதனால அதைத் தொடுறதுல பயமில்ல.

குடிகாடு_இன்ஸ்ட்ரு

ஓப்பன்தான். சந்தேகப்பட்டு பம்ப் ஏ கனெக்டரைப் பார்த்தேன். அதோட டெர்மினேட்டர் சுவிட்ச் ஆன்ல இருக்கு. நடுவுல இருக்கிற ஆளுக்கு ஆன்.

மேட்டுப்பாளையம் பேனல்

அதேதான். அந்தக் கனெக்டர்ல சுவிட்சை ஆன் பண்ணினா வெளியே போற கேபிளை உள்ளேயே வெட்டிடும். அதனாலதான் ஏ அருமையா வந்தது, பி-க்கு ஒரு துளி கூடப் போகல. இன்னொண்ணும் பாருங்க, வர்ற கேபிள், போற கேபிள்னு கனெக்டர்ல அம்புக்குறி இருக்கும். மாத்திக் கட்டியிருந்தா கடைசி முனையில டெர்மினேட்டர் ஆன் பண்ணும்போது வர்ற கேபிளையே வெட்டிடும். பி-ல அதையும் சரி பாருங்க.

ஏ-ல ஆஃப் பண்ணும்போது லைன் ஒரு நொடி ஆடும், ஈடி200எம் விழ வாய்ப்பிருக்கு. புராசஸ்கிட்டச் சொல்லிட்டுச் செய்ங்க.

குடிகாடு_இன்ஸ்ட்ரு

ரியாக்டர் பேட்ச் முடிஞ்ச இடைவெளியில செஞ்சாச்சு. பி வந்துடுச்சு. அம்புக்குறி சரியாவே இருந்தது. கடைசியில தனி ஆக்டிவ் டெர்மினேட்டர் போட்டு, ரெண்டு டிரைவுக்கும் யுபிஎஸ் 24 வோல்ட் கொடுத்திருக்கோம். இப்ப பி ஐசோலேட்டரைத் திறந்தாலும் கன்ட்ரோல் ரூம்ல ஸ்டேஷன் அப்படியே நிக்குது, ஃபால்ட் கோடு படிக்க முடியுது.

அதே இடைவெளியிலேயே டெஸ்ட்டையும் முடிச்சோம். கேபிளைப் பிடுங்கினோம், பம்ப் சேஃப் ஸ்பீடுக்கு வந்து ஓடிக்கிட்டே இருந்தது, வார்னிங் மட்டும். சிபியுவை ஸ்டாப்ல போட்டோம், எங்க செட்டிங்குல பம்ப் நின்னுடுச்சு. நிரலி மேடம் சொன்ன அதே கதை. புராசஸ் ஆள் பக்கத்துலயே நின்னு பார்த்தார், இது ஆகாதுன்னுட்டார்.

நிரலி

அதுக்கு எக்ஸ்டி2 (EXT2, டிரைவ்ல ரெண்டாவது கன்ட்ரோல் இடம்) இருக்கு. ஒரு பிஎல்சி அவுட்புட்ல ரிலே போடுங்க, பிஎல்சி ஓடும்போது எப்பவும் பிடிச்சிருக்கணும். அதோட கான்டாக்டை டிரைவ்ல ஒரு டிஜிட்டல் இன்புட்டுக்குக் கொண்டுபோய் 19.11-ல அதைத் தேர்ந்தெடுங்க. ரிலே பிடிச்சிருந்தா எக்ஸ்டி1, அதாவது பஸ். ரிலே விழுந்தா எக்ஸ்டி2, அதாவது உங்க பழைய ஸ்டார்ட் ஒயரும் ஒரு நிலையான வேகமும். அந்த ஒயரை எல்லாம் பிடுங்கி எறிஞ்சுடலையே?

குடிகாடு_இன்ஸ்ட்ரு

இல்ல, டக்ட்லயே கிடக்கு. சிகப்பு டேப் சுத்தி "எடுக்கக் கூடாது"ன்னு எழுதிட்டேன். எக்ஸ்டி2 போட்டு சிபியு ஸ்டாப் டெஸ்ட் திரும்பவும் செஞ்சோம், பம்ப் ஓடிக்கிட்டே இருந்தது. புராசஸ், சேஃப்டி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு.

டிப்ளமோ தம்பி

எங்க கம்பெனியில டான்ஃபாஸ் எஃப்சி302 இருக்கு, ப்ரொஃபிநெட் போடணும்னு பேசுறாங்க. இதே மாதிரிதானா?

மேட்டுப்பாளையம் பேனல்

கார்டு எம்சிஏ 120, ஏ ஸ்லாட்ல போடணும். காத்திருக்கிற நேரத்தை 5 நிமிஷம்னு மனப்பாடம் பண்ணாத, அங்க பவரைப் பொறுத்து மாறும், பெரிய டிரைவ்ல அதைவிட ரொம்ப அதிகம். டிரைவ்லயே எழுதி ஒட்டியிருக்கும், படி. ப்ரொஃபிநெட்ல டெர்மினேட்டர் தொல்லை கிடையாது. நோட் அட்ரஸுக்குப் பதிலா டிவைஸ் நேம். கார்டுல இருக்கிற பேரும் கான்ஃபிக்ல இருக்கிற பேரும் எழுத்து பிசகாம ஒண்ணா இருக்கணும். ரெண்டு போர்ட்டை வச்சு டிரைவுக்கு டிரைவ் சங்கிலியா இழுத்தா, நடுவுல ஒரு டிரைவ் ஆஃப் ஆனா பின்னாடி இருக்கிறதெல்லாம் போகும். வெளி 24 வோல்ட் கொடு, இல்லேன்னா சுவிட்ச் வச்சு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா இழு.

டிப்ளமோ தம்பி

சரிண்ணா. லைன் அறுந்தா என்ன செய்யணும்னு எங்க மேனேஜர்கிட்ட முதல்ல கேட்டுட்டு வர்றேன், அப்புறம் தனி இழை போடுறேன்.